இரண்டாங்கட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டுச் சுவர், அதாவது வீட்டின் உள்பகுதிச் சுவர், இடுப்பு உயரத்துக்கு உப்பிக் கொட்டியது. ஆறு வருஷத்துக்கு முன் அங்கே ஒருவர் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார், நானும் சரி என்றேன். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள், அன்றைக்கு யோசிக்கவில்லை. பழைய செங்கல், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்த ஈரம் அப்படியே காற்றில் ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு ஈரத்தோடு வந்த உப்பு பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும்.

போன தை மாதம் ஒரு வயசான கொத்தனாரைப் பிடித்து, 4 அடிக்கு 6 அடி இடத்தை மட்டும் பழைய முறையில் பூசினோம். வெயில் கொளுத்தும் மாதமும் அடைமழையும் இதற்கு ஆகாது.

ஒரு மாதம் முன்பே சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் நீற வைத்து, வைக்க வேண்டும். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். 10 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லை பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நிமிஷத்தில் பொங்கித் தெறித்தது, தொட்டியின் அடி இளகி ஒரு பக்கம் சாய்ந்தது. கொத்தனார் ஓடி வந்து, "ஆச்சி, தண்ணிக்குள்ளதான் கல்லப் போடணும், கல்லு மேல தண்ணிய ஊத்தப்படாது" என்றார். பாதி வெட்டிய இரும்பு டிரம்மில் 30 லிட்டர் தண்ணீர் வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். ஆறியதும் மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும்.

கணக்கு இதுதான்: 100 கிராம் சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி வாக்கில் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு போய் 56 கிராம் மிஞ்சும். அது 18 கிராம் தண்ணீரைப் பிடித்து 74 ஆகும். சுவருக்குப் போன பிறகு தண்ணீரை விட்டுவிட்டு, அந்த 44 கிராமைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். சூளைக்கு எரித்த விறகின் புகை மட்டும் திரும்பாது. உலகம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் என்கிறார்கள். அதை நினைத்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பூசப் பத்து நாள் இருக்கும்போது கடுக்காய்த் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் ஒரு கிலோ வாங்கி, கொட்டை நீக்கி இடித்து, அரை கிலோ வெல்லத்தோடு 20 லிட்டர் தண்ணீரில் மண்பானையில் ஊறப் போட்டேன். நாலாம் நாள் நுரை கட்டிக் கள் வாடை வந்தது. வந்தால்தான் சரி. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கடுக்காயின் துவர்ப்பு சாந்தைக் குழைவாக்கும். வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் துடைப்பத்தால் பெருக்கி, முந்தின நாள் இரவே நனைத்துவிடுங்கள். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர். அரை அங்குலம் போதும். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, இரண்டாவது பூச்சு ஒன்றுக்கு இரண்டு. சாந்தில் கிடக்கும் வெள்ளைக் கட்டிகளைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். ரோமானியர் கான்கிரீட்டில் அப்படிப்பட்ட கட்டிகள்தான் விரிசலைத் தானாக மூடுகின்றன என்று 2023-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியதை எடுத்துச் சொன்னேன். "அது அவுக சுவருக்கு" என்று கொத்தனார் சலித்தே எடுத்தார். மேல்பூச்சைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி. நீறாத துண்டு பின்னால் பொரிந்து குழி விழும்.

மேல்பூச்சுக்கு மணல் கிடையாது. தெளிந்த சுண்ணாம்பை ஆத்தா காலத்து ஆட்டுக்கல்லில் போட்டு, ஒரு சட்டிக்கு ஆறு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, விரலில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் வரை அரைத்தோம். (அந்தக் கல்லில் இனி இட்லி மாவு இல்லை.) வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம், சுண்ணாம்பின் காரத்தில் அதன் மடிப்பு அவிழ்ந்து ஒட்டும். கோழிக்கும் இந்த வித்தை தெரியும். ஓவோகிளைடின்-17 என்ற புரதம் முட்டை ஓட்டின் சுண்ணாம்புப் படிகம் உருவாகத் துணை நிற்கிறது. சீனாவில் பழைய மதில்களுக்குச் சாந்தில் ஒட்டரிசிக் கஞ்சி சேர்த்தார்கள். அதன் மாவுச்சத்து படிகங்களைப் பெரிதாக விடாமல் சின்னதாக, நெருக்கமாக வளர்க்கிறது என்று 2010-இல் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள்.

தீப்பெட்டி அட்டை கனத்துக்கு இழுத்து, சற்று இறுகியதும் கூழாங்கல்லால் தேயுங்கள். கை வலிக்கும். பூச்சில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும்போது நிறுத்தலாம்.

இறுகிவிட்டதா என்று பார்க்க பினால்ப்தலீன் (காரம் பட்டால் ரோஸாகும் ஆய்வக நிறங்காட்டி) சொட்டு விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சிவக்கிற அதே கதை: சுண்ணாம்பு இன்னும் கல்லாகாமல் இருந்தால் ரோஸ், கல்லாகிவிட்டால் நிறம் இராது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில்) வேலை பார்த்த எங்கள் அண்ணன் சிரித்தார்: "கம்பி போட்ட கான்கிரீட்டுல நிறம் வரலைன்னா, கம்பி துருப்பிடிச்சிரும்னு நாங்க கவலைப்படுவோம். நீ சந்தோஷப்படுற."

நாற்பதாம் நாள் ஓரத்தில் ஆணியால் கீறிச் சொட்டு விட்டேன். மேலே இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை, உள்ளே பளிச்சென்று ரோஸ். கணக்கு வாங்க வந்த கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, சுவத்துக்குப் பவுடரு போட்டிருக்கீக?" என்றார்.