சொல் வரும் முன்னே மெட்டைப் பிடித்து வையுங்கள்
பாட்டு எழுதுபவர்களே, மெட்டு தோன்றிய நிமிடமே போனை எடுத்து முணுமுணுத்துப் பதிவு செய்துவிடுங்கள். நல்ல வரி கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் மெட்டு நழுவிவிடும். 'தன்னன்னா' என்றோ, வாய்க்கு வந்த சொல்லை வைத்தோ பாடினால் போதும். 1965-ல் வெளிவந்த 'எஸ்டர்டே' பாடலுக்கு, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் போட்டு வைத்திருந்த சொற்கள் முட்டைப் பொரியலைப் பற்றியவை! அசைகள் எத்தனை, நெடில் எங்கே விழுகிறது என்பதெல்லாம் இப்படிப் பாடும்போதே பிடிபட்டுவிடும்.

பிறகு சொற்களை நிரப்புங்கள். உச்சத்தில் நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் 'ஆ', 'ஓ' ஒலி வரும் சொல்லாகத் தேடுங்கள். அங்கே 'ஈ', 'ஊ' வந்தால் பலருக்குக் குரல் இறுகிவிடும். இதற்காக அழகான வரியையே மாற்ற வேண்டி வந்தாலும் தயங்காதீர்கள்.

குரல் பதிவுக்கு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். பதிவுச் செயலி காட்டும் ஒலி அளவு -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, முழுப் பாட்டையும் நாலைந்து முறை பாடுங்கள். வரிக்கு வரி சிறந்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். சுருதி கொஞ்சம் விலகியிருந்தாலும் உணர்ச்சி பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.