52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளைக்கு என்ன செய்வது?

இரண்டாம், மூன்றாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த 35 நன்றாகத் தெரிந்திருக்கும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் நாலைந்து பேராவது அப்படித்தான் எழுதுவார்கள். நாமும் சிவப்பு மையில் தப்பு போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த 35-க்கு இரண்டு வழியில் வர முடியும். ஒரு பிள்ளை, 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2 என்று திருப்பிக் கழித்து 5 போடுகிறது. இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி, 12-லிருந்து 7-ஐக் கழித்து அதே 5-ஐப் போட்டுவிட்டு, பத்துகளில் இருக்கிற 5-ஐ 4 ஆக்க மறந்துவிடுகிறது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே பிடிபடவில்லை, இரண்டாவது பிள்ளை முக்கால் தூரம் வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே பூஜ்ஜியம் போடுவது எனக்கு மனசே ஒப்பாத விஷயம்.

அதனால் முதலில் கணக்கை மாற்றுங்கள். 52 − 28 கொடுத்துப் பாருங்கள். திருப்பிக் கழித்தால் 36 வரும், பத்தைக் குறைக்க மறந்தால் 34 வரும், குறியைக் கவனிக்காமல் கூட்டினால் 80, சரியாகச் செய்தால் 24. விடையைப் பார்த்தாலே எங்கே சறுக்கியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒன்றுகளின் வித்தியாசம் 5 ஆக இருக்கிற எண்களைத் தவிர்த்தால் போதும். இருபது கணக்கு வேண்டாம், யோசித்து எடுத்த நாலு கணக்கு போதும்: இனமாற்றம் (ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குவது) இல்லாமல் 58 − 23, இனமாற்றத்தோடு 52 − 28, பூஜ்ஜியத்துக்காக 60 − 34, அப்புறம் கதையாகக் கேட்கும் ஒரு வாய்க்கணக்கு.

தாளைத் திருத்தியதும் சந்தேகம் உள்ள பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். சரியாகப் போட்ட பிள்ளையிடமும் இதையே கேட்க வேண்டும், இல்லையென்றால் கேட்டாலே தப்பு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம், பாதியில் பல பிள்ளைகள் தாங்களே நிறுத்தி "இல்ல டீச்சர்" என்று அழிப்பான் எடுப்பதைப் பார்க்கலாம்.

இனி சொல்லிக்கொடுப்பது. துடைப்பத்து ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். ஐந்து கட்டு, இரண்டு தனிக்குச்சி, மொத்தம் 52. அதிலிருந்து 28 கொடு என்று கேளுங்கள். இரண்டு கட்டைக் கொடுத்துவிடும், எட்டுக் குச்சிக்கு வரும்போது கை நிற்கும். அந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு கை தானாக ரப்பர் பேண்டைக் கழற்றும். மூன்றாவது தடவையாக அதே கணக்கைச் செய்யும்போது, கட்டைப் பிரித்த அதே நொடியில் கரும்பலகையில் 5-ஐ அடித்து 4 எழுத வையுங்கள். குச்சி ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள் என்று பிரித்துவிட்டால் இரண்டும் பிள்ளையின் மனசில் ஒட்டவே ஒட்டாது. "கடன் வாங்குகிறோம்" என்பதைவிட "கட்டைப் பிரிக்கிறோம்" என்று சொல்வது நல்லது, கடனைத் திருப்பித் தரவேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதானே.

403 − 158 மாதிரி நடுவில் பூஜ்ஜியம் வருவதில் நாலாம் வகுப்பிலும் தடுமாறுவார்கள். 245-க்குப் பதில் 255 வந்தால், நூறைப் பிரித்துவிட்டு, பத்துகளில் 9 இருக்க வேண்டிய இடத்தில் 10-ஐ அப்படியே வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கும் பத்துக் கட்டு சேர்ந்த பெரிய கட்டுதான் மருந்து.

வாய்க்கணக்கில் 'மீதி' என்ற சொல்லைப் போடாதீர்கள், அதைப் பார்த்ததும் யோசிக்காமல் கழிப்பார்கள். "பம்பரம் 52 ரூபாய், உன்னிடம் 28 ரூபாய் இருக்கிறது, இன்னும் எவ்வளவு வேணும்?" என்று கேளுங்கள். கூட்டி 80 சொல்கிற பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள், கதை புரியாமல் இருக்கலாம். நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2022-ல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற தொடக்கப் பள்ளித் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து வைக்கிறோம். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும், ஏன் நிற்கிறது என்பதற்கு நம் குறிப்பேட்டில் ஒரு வரி வேண்டும்: 'கட்டைப் பிரிக்கிறாள், பத்தைக் குறைக்க மறக்கிறாள்.' ஒரு வாரம் கழித்து 71 − 45, 80 − 46 இரண்டை மட்டும் கொடுங்கள். முதல் கணக்கில் 26 வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம், 36 வந்தால் மறுபடி ஈர்க்குச்சிக்குப் போங்கள்.