வேலை முறை தயார், எந்த சாப்ட்வேர் எடுப்பது?

தாராவியில் தோல் பை தைக்கும் நம்மாள் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வேலை முறையைத் தாளில் எழுதியாயிற்று. இனி அதற்கேற்ற சாப்ட்வேர்.

படி 1: ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: யார் முடிக்கிறார், அடுத்து யார் கைக்குப் போகிறது. எழுத வராமல் முழிக்கும் இடத்தில் எந்த சாப்ட்வேரும் உதவாது. ஆட்களிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

படி 2: திரும்பி வரும் வேலையைச் சிவப்பு மையில் வரையுங்கள். விற்க வருபவர் காட்டும் டெமோவில் எல்லாப் பையும் நேராக பேக்கிங்குக்குப் போய்விடும். பட்டறையில் அப்படியா நடக்கிறது? 20 பையில் 3-க்கு ஜிப் கோணல் என்றால் அந்த 3 மட்டும் தையலுக்குத் திரும்ப வேண்டும், 17 முன்னே போக வேண்டும். சாப்ட்வேரைச் சோதிக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

படி 3: அதே கணக்கை ஒவ்வொரு சாப்ட்வேரிலும் போட்டுப் பாருங்கள்.

கூகுள் ஷீட்டில் ஆர்டருக்கு ஒரு வரி வைத்தால், 'செக்கிங்' என்பதை 'தையல்' என்று மாற்றியதும் பழைய நிலை கண்ணில் படாது. எடிட் ஹிஸ்டரியைத் தோண்ட வேண்டும். ட்ரெல்லோ, ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாகப் பட்டியல்களில் வைக்கும் ஆப். அதில் கார்டை இழுத்து நகர்த்துவது சுகம். யார் எப்போது நகர்த்தினார் என்பதும் கார்டிலேயே பதிவாகும். ஆனால் ஒரு கார்டு நகர்ந்தால் 20 பையும் சேர்ந்தே நகரும், அந்த 3 பைக்குத் தனிக் கார்டு போட வேண்டும். கூகுள் ஃபார்மில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எண்ணிக்கையோடு ஒரு பதிவு போட்டால், தேதி நேரத்தோடு ஷீட்டில் புது வரியாக விழும். பழையது அப்படியே இருக்கும். சின்னப் பட்டறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஜோஹோ கிரியேட்டர் மாதிரி, நமக்கு வேண்டிய ஆப்பை நாமே உருவாக்கிக்கொள்பவை, பலர் ஒப்புதல் கொடுத்தால்தான் வேலை நகரும் என்கிற இடங்களுக்கு.

படி 4: தையல்காரர் போனில், பசை ஒட்டிய விரலோடு, அவரே பதியட்டும். நீங்கள் லேப்டாப்பில் பார்த்தது கணக்கில் சேராது. டைப் செய்ய விடாதீர்கள், தேர்ந்தெடுக்க வையுங்கள். ஆம்பூர்க்காரரும் பீகார்க்காரரும் அடுத்தடுத்த மெஷினில் இருப்பார்கள். கேள்வியைத் தமிழிலும் இந்தியிலும் போடுங்கள்.

படி 5: ஃபார்மின் பேக்கிங் பகுதியில், 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போகும் சரக்கா என்று கேளுங்கள். ஆம் என்றால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) எண்ணைக் கட்டாயமாக்குங்கள். விற்பனை பில் வழக்கம்போல டாலி கணக்கு சாப்ட்வேரிலேயே இருக்கட்டும்.

காசு கட்டி வாங்குவதாக இருந்தால், மொத்தப் பதிவையும் எக்ஸெல்லாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வரும் அண்ணே" என்று இழுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.