கிறிஸ்துமஸ் லீவில் நெல்லைச் சுற்று: மூன்று தலைமுறையை ஒரே வேனில் ஏற்றும் வழி

சென்னை, கோவை, பெங்களூரு என்று பிரிந்து கிடக்கிற எங்கள் குடும்பம் கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை வீட்டில் கூடும். பண்டிகை முடிந்ததும் ஒரு வேன் பிடித்து ஊர் சுற்றுவோம். மூத்த மருமகள் என்பதால் திட்டமும் கணக்கு நோட்டும் என் கையில். "மைனி, இந்தத் தடவை எங்கே?" என்று கொழுந்தன் போன் போட ஆரம்பித்தாலே அக்டோபர் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கம் குடும்பத்தோடு வர நினைக்கிறவர்களுக்கு நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் ரயில். முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்தான். டிசம்பர் 23 ராத்திரி சென்னையில் ஏற வேண்டும் என்றால் அக்டோபர் 24 காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்துவிட வேண்டும். தீபாவளியும் அதை ஒட்டித்தான் வரும், ஆளாளுக்கு அந்தப் பரபரப்பில் இருப்பார்கள். யாராவது ஒருவர் எல்லாருக்கும் போட்டுவிடலாம் என்று விடவே கூடாது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் ஏறும். இரண்டாவது டிக்கெட்டைத் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிவிடும். அந்தந்தக் குடும்பம் அந்தந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ஜனவரி 1-ஆம் தேதி திரும்புகிறவர்களுக்கு நவம்பர் 2-இல் இன்னொரு அலாரம்.

வேனையும் அப்போதே பேசிவிடுங்கள். அரையாண்டு லீவு, ஐயப்ப சீசன், கிறிஸ்துமஸ் மூன்றும் ஒன்றாக வருவதால் டிசம்பர் கடைசியில் நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். வாடகை நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, டோலும் பார்க்கிங்கும் டிரைவர் பேட்டாவும் அதற்குள் அடக்கமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். 25-ஆம் தேதி வண்டி வேண்டாம். எங்கள் பக்கம் டிரைவர் தம்பிக்கும் அன்று கிறிஸ்துமஸ்தான்.

வேனுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கதவுப் பக்கம். வாந்தி எடுக்கிற பிள்ளை முன்னால், கையில் ஒரு கவரோடு. மூன்று புதுச் சகலைகள் கடைசி வரிசையில். அவர்கள் எப்படியும் தூங்கப்போகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் சின்னப் பிள்ளைகளில் ஒன்று தாத்தாவுக்குப் பக்கத்து சீட்டுக்கு மாற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமா, அதாவது என் மாமனார், பேச ஆரம்பிக்கிற இடம் அதுதான். வீட்டு ஹாலில் உட்கார்ந்து "தாத்தா, கதை சொல்லுங்க" என்றால் அவர் பேப்பரை விரித்துவிடுவார்.

24, 25 இரண்டு நாளும் எங்கேயும் போக வேண்டாம். பிள்ளைகளுக்குக் குடில் கட்டுகிற வேலையே போதும். ஊரில் இருக்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே பழைய தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவிவிட்டால், பிள்ளைகள் வந்து இறங்கும்போது குடிலுக்குப் புல்வெளி ரெடி. அதை யார் கத்தரிப்பது என்று ஒரு சண்டை வரும், அது வரட்டும். 25 விடியற்காலை ஆராதனை. பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம் என்று எல்லாரும் சொல்கிற தூய திரித்துவ பேராலயம் 1826-இல் பிரதிஷ்டை ஆனது. விடியும் முன் தெருவெல்லாம் ஸ்டார் எரிய, புதுப்புடவைச் சரசரப்போடு ஜனங்கள் நடந்து போவதைப் பார்ப்பதற்கே வெளியூர் மருமகன்கள் எழுந்துவிடுகிறார்கள். வேறு மதத்துக்காரர்கள் வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பின்வரிசையில் உட்காரலாம். ஆராதனை முடிந்ததும் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் நடந்தே போய்த் தெருத் தெருவாகக் குடில் பாருங்கள். அப்படியே 1785-இல் குளோரிந்தா அம்மாள் கட்டிய சின்ன ஆலயத்தையும் பார்த்துவிடலாம். பாப்பாத்தியம்மா கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

இனி எந்தெந்த இடம் என்பது. ஒரு நாளைக்கு எல்லாருக்கும் பிடித்த பெரிய இடம் ஒன்று, வீட்டில் யாராவது ஒருவருக்குச் சொந்தக் கதை இருக்கிற இடம் ஒன்று. இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இரண்டாவது வகை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. மாமா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் போர்டிங்கில் இருந்து படித்தவர். பள்ளிக்கூட கேட் முன்னால் வண்டியை நிறுத்தினோம். லீவு என்பதால் பூட்டு. மாமா கம்பிக்குள் கையை விட்டு ஒரு வேப்பமரத்தைக் காட்டினார்: "ஞாயிற்றுக்கிழமை லெட்டர் எழுதுற நேரம். எழுத ஒண்ணும் இருக்காது. அதனால மரத்துல எத்தனை காக்கா உட்கார்ந்திருக்குன்னு எழுதி அம்மாவுக்கு அனுப்புவேன்." அடுத்த நொடி பேரப்பிள்ளைகள் காக்கா எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காம்பவுண்டு ஓரம் கால்மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆகவே கிளம்பும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எங்கே முதல் வேலை, எந்த ஊரில் பெண் பார்த்தார்கள்? பதிலில் வழியில் விழுகிற ஓர் ஊர் இருக்கும்.

எங்கள் முதல் நாள் சுற்று நாசரேத், மெய்ஞானபுரம், மணப்பாடு. மெய்ஞானபுரத்தில் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. செம்மணல் தேரிக்காடும் பனைமரமுமாக இருக்கிற பூமியில் அது தூரத்திலிருந்தே தெரியும். முதலில் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு மிட்டாய் என்றால் வேன் அமைதியாகிவிடும். மணப்பாட்டுக்கு மூன்று, மூன்றரை மணிக்குப் போய்ச் சேருங்கள். மத்தியானம் போனால் மணல் சுடும், பெரியவர்கள் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்கிற குகை கடலை ஒட்டி இருக்கிறது. மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில். மேலே ஏற முடியாதவர்களைக் கீழே தனியாக விட்டுவிட்டுப் போகாமல், இரண்டு குழுவாகப் பிரிந்து மாறி மாறி ஏறுங்கள். கடலில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

இன்னொன்று. டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள். 2004-இல் ஆட்களைப் பறிகொடுத்த கடற்கரை ஊர்களில், முக்கியமாகக் குமரி மாவட்டத்தில், அன்று அஞ்சலி நடக்கும். அன்றைக்கு அங்கே ஸ்பீக்கர் போட்டு ஆடிப்பாடுவது நன்றாக இருக்காது. 26 ஓய்வு, 27 முதல் சுற்று என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது.

கன்னியாகுமரிக்கு உள்வழியாகப் போகாமல் இடையன்குடி, உவரி வழியாகப் போங்கள். நேரம் கூடும், ஆனால் வழியே ஒரு சுற்றுலா. இடையன்குடியில்தான் கால்டுவெல் 1841 முதல் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைக்கு இது பாடப்புத்தகத்துப் பெயர் என்பதால் காது கொடுக்கும். சின்னதுகளுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு உவரி: கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயில், அதன் மேல் ஆகாய விமானம் வேறு. அதற்குப் பிறகு அவர்கள் கால்டுவெல்லை மன்னித்துவிடுவார்கள்.

கன்னியாகுமரியில் டிசம்பர் கடைசி என்றால் கூட்டம் இருக்கத்தான் செய்யும். சபரிமலை போய்த் திரும்புகிற ஐயப்ப பக்தர்கள், பள்ளிக்கூடச் சுற்றுலா, புது வருஷக் கூட்டம் எல்லாம் ஒரே படகுத்துறையில் நிற்கும். ஒரே வழி, முந்தின ராத்திரி அங்கேயே தங்கிக் காலையில் சூரிய உதயம் பார்த்த கையோடு படகு வரிசைக்குப் போய்விடுவது. இந்த மாதத்தில் சூரியன் உதிப்பது, மறைவது இரண்டையுமே கடலில் பார்க்கலாம் என்பதால் முந்தின சாயங்காலமும் வீணாகாது. கடல் கொந்தளிப்பாகவோ நீர்மட்டம் தாழ்ந்தோ இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சத்தியம் செய்து வைக்காதீர்கள். வரிசையில் நிற்கப் பெரியவர்களை இழுத்துப் போகாமல் கரையிலேயே ஒரு டீக்கடையில் உட்கார வைத்தாலும் தப்பில்லை. வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தால் கூட்டிப்போங்கள்.

எங்கள் அத்தை அந்தப் பிடிவாதம் பிடித்தார். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-இல் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே அலை தெரியும். அத்தை கீழே பார்க்கவே இல்லை. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வள்ளுவரையே பார்த்தபடி, தெரிந்த குறளையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஏழாவது குறளில் மறந்துபோய் நின்றபோது பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒரு பையன் எடுத்துக்கொடுத்தான்.

மறுநாள் தெம்பு இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே செருப்பு கிடையாது, மாடிப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலிக்காரர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்துங்கள்.

மழைக்கும் இடம் விடுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. 2023-இல் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. ஒரு நாளைக் காலியாகவே வையுங்கள். மழை வந்தால் வீட்டில் கேரம் போர்டு, வராவிட்டால் தூத்துக்குடி. சோம்பேறித்தனம் வந்தால் அதற்கும் அந்த நாள்தான்.

பணம்: ஒவ்வொரு குடும்பமும் தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பொதுப்பையில் போட்டுவிட வேண்டும். வேன், டீசல், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. ஐஸ்கிரீம், பொம்மை, சங்கு மாலை அவரவர் பாடு. கணக்கு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், ராத்திரிதோறும் குழுவில் படம் எடுத்துப் போட வேண்டும். மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிற நேரத்தில் ஒரு பேச்சு வரும். நாங்கள் மிச்சத்துக்கு மக்ரூன் வாங்கிவிடுகிறோம்.

மக்ரூனைக் கடைசி நாளில்தான் வாங்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அது. ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும். கடைப்பெட்டியோடு வைக்காமல் இறுக்கமான டப்பாவுக்கு மாற்றி, ரயிலில் மேல் பர்த்தில் தலைமாட்டில் வையுங்கள். கீழ் பர்த்தில் வைத்தால் விழுப்புரம் தாண்டும்போது டப்பாதான் இருக்கும்.