விட்டுப்போன நட்பை மீண்டும் தொடங்குவது எப்படி?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் இளம் ஆண்களைக் கொண்டு தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வில், 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதிலும் நலமாக இருந்தனர் என்பதும், அதை முன்னுணர்த்துவதில் இரத்தக் கொழுப்பின் அளவைவிட உறவின் நிறைவே மேலாக நின்றது என்பதும் தெரியவந்தன.

முதலில், நள்ளிரவில் ஓர் இடர் வந்தால் தயங்காமல் யாரை அழைப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மானிடவியலாளர் ராபின் டன்பார், ஒருவரால் பேணக்கூடிய உறவுகள் ஏறக்குறைய 150 என்றும், அவற்றில் மிக நெருங்கியவை ஐந்தளவே என்றும் கணித்தார். ஆகவே விட்டுப்போன நண்பர்கள் எல்லோரையும் மீட்க முயலாமல் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

அவரை அழைக்கும்போது, இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்ததற்கான விளக்கத்தை நீட்டாமல், இருவருக்கும் பொதுவான ஒரு நினைவிலிருந்து தொடங்குவது நல்லது. (தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் இப்படி அழைத்துப் பேசுவதற்கு ஈடாகா.) அவர் தம் துயரைச் சொன்னால் உடனே தீர்வு கூறாதீர்கள்; 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உங்கள் கவலை ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் ஒருவர் மட்டுமே மனம் திறக்கும் பேச்சு விசாரணையாகிவிடும். சிறிய உதவி கேட்பதும் நெருக்கத்தை வளர்க்கும். நம்மில் பலர் கூச்சத்தால் தவறவிடுவது இதைத்தான்.

பிறகு, ஞாயிறு மாலை போன்ற ஒரு நேரத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை மட்டும் முயன்றுவிட்டு, மனக்கசப்பின்றி அடுத்தவரை அழையுங்கள்.