வீட்டில் பிள்ளைக்குக் காற்பந்து பழக்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடும். வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்குவோம் என்று 5ஆம் எண் பந்தைத் தூக்கி வந்துவிடுகிறோம். அது பெரியவர்கள் ஆடுவது, சுற்றளவே 68 முதல் 70 சென்டிமீட்டர். எட்டு வயதுக்குள் என்றால் 3ஆம் எண், அதற்கு மேல் 12 வயது வரை 4ஆம் எண் போதும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஹாலில் பழகுவதற்கு என் ஓட்டு, உள்ளரங்கக் காற்பந்தான ஃபுட்சாலுக்குரிய சிறுவர் அளவு பந்துக்குத்தான். அவ்வளவாகத் துள்ளாது, டிவியும் பிழைக்கும், கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்து கதவைத் தட்டமாட்டார். அப்புறம், டைல்ஸ் தரையில் வெறும் காலுறையோடு ஆட விடாதீர்கள், வழுக்கும்.

பாஸ் கோணலாகப் போனால் எல்லாரும் உதைத்த காலைத்தான் திட்டுவோம். ஆனால் பெரும்பாலும் தப்பு ஊன்றிய காலில் இருக்கும். அது பந்துக்குப் பக்கத்தில், பந்து போகவேண்டிய பக்கம் பார்த்து நிற்கவேண்டும். உதைக்கும் காலின் கணுக்காலை இறுக்கி, விரல்களைக் கொஞ்சம் மேலே தூக்கி, பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் நடுவில் தட்டினால் போதும். விரல் நுனியால் குத்துவதை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு, அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டு வாங்கக் கற்றுக்கொடுக்காமல் விடுவது. ஹாலில் இடம் குறைவு என்று புலம்புகிறோமே, பந்தை வாங்கிப் பழக அதுதான் தோதான இடம். வரும் பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்திவிட்டு நிற்பது பிள்ளைகளுக்கு எளிது, ஆட்டத்திலோ அதற்குள் ஒருவன் வந்து பறித்துக்கொண்டு போயிருப்பான். பந்து படும் கணத்தில் காலைச் சற்றுப் பின்னால் இழுத்தால் வேகம் செத்துவிடும், அதே தொடுதலிலேயே பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். நீங்களும் எப்போதும் வலது காலுக்கு, மெதுவாக, நேராக உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள். இடது காலுக்கும் அனுப்புங்கள், திடீரென்று கொஞ்சம் வேகமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் விரல்களைக் காட்டி ‘எத்தனை?’ என்று கேட்டால் தலை தானாக நிமிரும்.

நம் சிங்கப்பூர்க் காற்பந்து வீரர் சுந்தரமூர்த்தியை ‘டேஸ்லர்’ (வித்தை காட்டி அசத்துபவர்) என்று ஊரே கொண்டாடியது, தெரியும். அதற்காக ஆறு வயதுப் பிள்ளையிடம் யூடியூப் வித்தைகளைக் காட்டி ‘இதைச் செய்’ என்றால் எப்படி? பந்து முதலில் காலோடு ஒட்டட்டும்.

டியூஷன் முடிந்து களைத்து வந்த பிள்ளையை ஒரு மணி நேரம் நிற்க வைப்பதும் வேண்டாம். பத்து, பதினைந்து நிமிடம் சரி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தொடுதலுக்கும் வர்ணனை கொடுத்தால் பிள்ளை பந்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

தூரத்து பாஸ் பழக புளோக் கீழ்த்தளத்துக்கு இறங்குவோம் என்று தோன்றும். பல இடங்களில் பந்து விளையாடக்கூடாது என்று பலகையே இருக்கிறது. பேட்டையில் உள்ள ஸ்ட்ரீட் சாக்கர் கோர்ட்டுக்குப் போய்விடுங்கள், சாயங்காலம் பெரிய பையன்கள் வந்து பிடித்துக்கொள்வதற்கு முன்பாக.