ட்வீட்டருக்கு ஆம்ப் வாங்கும்போது வாட்ஸைக் கடைசியாகக் கேளுங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அசெம்பிள் செட் செய்து தருபவரிடம் போய், வூஃபருக்கு (பேஸ் பாடும் பெரிய ஸ்பீக்கர்) ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு (மேல் ஒலி பாடும் சின்ன ஸ்பீக்கர்) தனியாக ஒரு ஆம்ப் என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "எத்தன வாட்ஸ் வேணும்?" என்பதுதான். கோயில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற ஊரில் அது நியாயமான கேள்வி. வீட்டு ஹாலுக்கு அது தலைகீழ்.

ஒரு வில்லுப்பாட்டுப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தின் அடி வூஃபருக்குப் போகும். வில்லில் கட்டிய மணி, ஜால்ரா, பாடுபவர் வாயின் 'ச' ஒலி ஆகியவற்றின் மேல்பகுதி ட்வீட்டருக்கு. இரண்டையும் 2,500 ஹெர்ட்ஸில் பிரித்தால், பாட்டின் சக்தியில் பெரும்பங்கு அதற்குக் கீழேயே செலவாகிவிடும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் சாதாரண டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர், 10 வாட்டில் 100 தரும், 20 வாட்டில் 103. அதற்குமேல் வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய) கணக்கில் 20, 30 வாட்ஸ் சுத்தமாகக் கிடைத்தால் போதும். பிஎம்பிஓ என்று போட்டிருக்கும், கணநேர உச்சத்தை ஊதிக்காட்டும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ட்வீட்டரின் அட்டைப்பெட்டியில் '100 வாட்ஸ்' என்று இருந்தாலும், பொதுவாக அது கிராஸ்ஓவரோடு (பேஸையும் மேல் ஒலியையும் பிரிக்கும் சர்க்யூட்) சேர்ந்த முழு ஸ்பீக்கருக்கான கணக்கு. ட்வீட்டருக்குள் இருக்கும் முடிபோன்ற கம்பிச்சுருள் (காயில்) தொடர்ந்து தாங்குவது அதில் சிறு பங்கைத்தான்.

இதைக் கேட்டுவிட்டு எங்கும் சின்ன ஆம்பே போதும் என்று கிளம்புவது அடுத்த தவறு. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வயர் மாட்ட நாலு டெர்மினல் இருக்கிறது, உள்ளே பழைய கிராஸ்ஓவரும் அப்படியே இருக்கிறது. வூஃபர் பக்கம் 100 வாட், ட்வீட்டர் பக்கம் 20 வாட் ஆம்ப் மாட்டுகிறார்கள். இங்கே இரண்டு ஆம்புக்கும் முழுப் பாட்டும் போகிறது. பேஸுக்கான கரண்டை ட்வீட்டர் ஆம்ப் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் பேஸின் வோல்டேஜ் முழுவதையும் அதுவும் ஏற்றி இறக்கியாக வேண்டும். குடம் ஓங்கி அடிக்கும்போது 20 வாட் ஆம்ப் தன் வோல்டேஜின் உச்சியில் முட்டி கிளிப் ஆகும், அதாவது ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கிளிப்பிங்கில் பிறக்கும் மேல் அதிர்வெண்கள் கிராஸ்ஓவரைத் தாண்டி நேராக ட்வீட்டருக்குப் போகும். சின்ன ஆம்ப் வேண்டுமென்றால் பாட்டைப் பிரிப்பது ஆம்புக்கு முன்னால் நடக்க வேண்டும், ஆக்டிவ் கிராஸ்ஓவரிலோ, டிஜிட்டலாகப் பிரிக்கும் டிஎஸ்பி போர்டிலோ. அப்போது வூஃபர் ஆம்ப் கிளிப் ஆனாலும் ட்வீட்டருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அப்படிப் பிரித்த பிறகு புதிதாக ஒன்று முளைக்கும்: இரைச்சல். பழைய கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டர்கள் பாட்டை மட்டுமல்ல, ஆம்பின் 'ஸ்ஸ்' சத்தத்தையும் சேர்த்தே அடக்கிவைத்திருந்தன. இப்போது ஆம்பும் ட்வீட்டரும் நேருக்கு நேர். அதே 1 வாட்டுக்கு 105 டெசிபல் தரும் ஹாரன் (குழல் வடிவ) ட்வீட்டரை மாட்டினால் அதே ஆம்பின் இரைச்சல், 90 டெசிபல் டோமைவிட 15 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அது எவ்வளவு என்று தெரியும். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லி, ட்வீட்டரிடம் காதை வைத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால், ட்வீட்டர் ஆம்பைத் தேர்வு செய்ய இந்த ஒரு சோதனைக்கே பாதி மதிப்பெண். இரைச்சல் இருந்தால் ஆம்பின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த ரெசிஸ்டர்களையே ஆம்புக்கும் ட்வீட்டருக்கும் நடுவே திரும்பப் போடலாம். 10 டெசிபல் குறைத்தால் இரைச்சலும் 10 குறையும். வாட்ஸில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும், ஆனால் ஹாரன் போன்ற சத்தமான ட்வீட்டருக்கு அதுதான் தேவைக்குமேல் இருக்கிறதே.

பாட்டே இல்லாத நேரத்திலும் ட்வீட்டர் சாகலாம். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் ஆம்ப் 'டொப்' என்று ஒரு தள்ளு தள்ளும். அதைவிட மோசம், ப்ளஸ்-மைனஸ் சப்ளையில் ஓடும் ஆம்பில் ஐசி (சிப்) போய்விட்டால், 25 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அப்படியே அவுட்புட்டுக்கு வந்துவிடலாம். 6 ஓம் காயிலில் அது 100 வாட்டுக்கு மேல். காயில் கருக நேரமே ஆகாது. டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே இருக்கிறதா என்று ஆம்ப் வாங்கும்போதே கேளுங்கள். இருந்தாலும் டிசியைத் தடுக்க ட்வீட்டரோடு சீரிஸில் (அதற்குப் போகும் வயரின் நடுவே) ஒரு கெப்பாசிட்டர் போட்டுவிடுங்கள். 8 ஓமுக்கு 22 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 900 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டத் தொடங்கும். 2,500-இல் பிரிக்கும் செட்டுக்கு அவ்வளவாகக் குறுக்கே வராது. 4 ஓம் ட்வீட்டருக்கு 47. ப்ளஸ், மைனஸ் குறித்த சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது, ஃபிலிம் வகை வேண்டும். ஆக்டிவ் செட்டில் கெப்பாசிட்டர் போட்டால் தரம் போய்விடும் என்று மறுப்பவர்கள் உண்டு. டிஎஸ்பி செட்டிங் ஒருநாள் அழிந்து முழுப் பாட்டும் ட்வீட்டருக்குப் போகும்போது, கேட்கத் தரமும் இருக்காது, ட்வீட்டரும் இருக்காது.

கிளாஸ்-டி (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும்) ஆம்ப் போர்டுகள் மலிவு, சூடும் குறைவு. அவற்றில் சில, சொன்ன ஓமில்தான் மேல் ஒலியைச் சமமாகத் தரும். 4 ஓமுக்கு வடிவமைத்த போர்டில் 8 ஓம் ட்வீட்டர் மாட்டினால் மேல் ஒலியின் உச்சிப் பகுதி தூக்கலாகிவிடலாம். டிபிஏ3116 போன்ற ஐசிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் கிரவுண்ட் அல்ல. இடம், வலம் இரண்டு பக்கத்து மைனஸையும் சேர்த்து முறுக்கி பாடியில் இணைக்கும் பழைய வழக்கத்தை இங்கே காட்டினால் போர்டு போய்விடலாம்.

ஒலி கூசுகிறது என்று ஆம்பை மாற்றுவதற்கு முன் ஹாலை ஒருமுறை பாருங்கள். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எந்த ஆம்பும் கூசத்தான் செய்யும். ஒரு கனத்த திரைச்சீலைக்கு ஆகும் செலவு ஆம்பைவிடக் குறைவு. குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டி வீடு இருந்தால் வயர் முனைகளைச் சும்மா முறுக்கிவிடாமல் ஈயம் வைத்து ஒட்டி, டெர்மினலை அவ்வப்போது துடைத்து இறுக்குங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்தால் ட்வீட்டர் விட்டுவிட்டுத்தான் பாடும், பழி ஆம்பின் மேல் விழும்.